எலி அத்தை

மார்ச் 4

அண்ணிக்கு,

மூன்று நாளாகப் போன் போடுகிறேன், நீங்கள் எடுப்பதில்லை. அண்ணனைக் கேட்டால் "அவ வேலையா இருக்கா" என்கிறான். மிஷின் சத்தத்தில் மணி கேட்கவில்லை என்று நான் நம்பத் தயார்தான், ஆனால் மூன்று நாளும் ராப்பகலாகவா தைக்கிறீர்கள்? சரி, பேச இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் குரலை உயர்த்தியது தப்பு. துணி கொடுக்க வந்தவர்கள் முன்னால், அதிலும் சீருடை ஆர்டரோடு வந்த அந்தத் தலைமையாசிரியை முன்னால், கத்தியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. என் இடத்தில் நின்று பாருங்கள். ஆசையாக அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். நீங்கள் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மடியில் எலி பிடிக்கிற பசை அட்டையை வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சுண்டெலி உயிரோடு ஒட்டிக்கொண்டு கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. நீங்கள் ஐஸ் குச்சியால் அதை நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய். "எண்ணெய ஊத்திக் கொளுத்தப் போறீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுஷியா?" என்று வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்களே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொடிசு மட்டும் உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்பது வயசுக் குழந்தை பார்க்கிற காட்சியா அது? பையைத் தூக்கிக்கொண்டு வந்த காலோடு திரும்பிவிட்டேன்.

எலி துணியைக் கடித்தால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரியாமல் பேசவில்லை. அதற்காகத்தான் இதோடு ஒரு கூண்டு அனுப்பியிருக்கிறேன். உள்ளே நாலு வேர்க்கடலை வையுங்கள். எலி நுழைந்ததும் கதவு தானாக விழுந்துவிடும், அதற்கு ஒரு கீறல் கூடப் படாது. வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டியதுதான். நான் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் சொல்லி இதற்கு மாற்றிவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்களிடம் கூட எழுத்துப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் எலியைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று முதலாளி கிண்டல் செய்கிறார்.

கோபம் தணிந்ததும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 11

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. அலமாரி மேல் இருக்கிறது.

தலைமையாசிரியை சீருடை ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். போகட்டும், அதற்காக நான் எழுதவில்லை. போனில் பேசினால் குழந்தை காதில் விழும், அதனால் அளவு எழுதுகிற தாளிலேயே இதை எழுதுகிறேன்.

நீங்கள் பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது இங்கேயே தங்கிவிட்டது. பொடிசு இப்போதெல்லாம் என் கையால் தலை வாரிக்கொள்வதில்லை. கோணல்மாணலாகத் தானே வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சாப்பாட்டைத் தட்டில் வைத்தால் உங்கள் அண்ணன் வந்து உட்காரும்வரை தொடமாட்டாள். முந்தாநாள் பள்ளிக்கூட உடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, எம்மேல ரொம்பக் கோவம் வந்தா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டாள். "உன்மேல எனக்கு எதுக்குடி கோவம் வரப்போகுது" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நம்பவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் பெற்ற பெண் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். இதை எழுதவே கை கூசுகிறது. நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அத்தை என்றால் அவளுக்கு அவ்வளவு. "உன் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை, நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் தாங்கள் எனக்குச் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மனைவி


மார்ச் 20

அண்ணி,

"மதிப்பிற்குரிய" என்று போட்டதற்குப் பதில் நேரில் கூப்பிட்டு நாலு அறை விட்டிருக்கலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை "நீ", "வாடி", "போடி" என்று சொன்னவர் நீங்கள். தாங்கள், அவர்கள் என்று படித்தபோது யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

சீருடை ஆர்டர் போனது எனக்குத் தெரியாது. நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. பொடிசு இப்படி ஆகிவிட்டாள் என்பதும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிற அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் பார்த்ததைத்தானே சொன்னேன்? அவளும் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகாதா? குழந்தைகளிடம் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். நாளாக ஆக அவளே மறந்துவிடுவாள். அன்பாக நடந்துகொள்ளுங்கள், போதும்.

இன்னொரு சேதி. என் அறைக்கும் எலி வந்துவிட்டது! கீழ்வீட்டில் சாமான் அறையைக் காலி செய்தார்கள், எல்லாம் மாடி ஏறி என்னிடம் வந்துவிட்டன. நானும் கூண்டு வைக்கிறேன். இதுவரை ஒன்பது. ஒவ்வொன்றையும் கூண்டோடு துணிப்பையில் போட்டு, காலையில் வேலைக்குப் போகிற வழியில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் விடுகிறேன். கதவைத் திறந்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் "பைக்குள்ள என்னம்மா அசையுது?" என்று கேட்டார். "சொந்தக்காரங்க, கொண்டுபோய் விடப் போறேன்" என்றேன். அவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

இதையெல்லாம் பொடிசுக்கு எழுதுகிறேன், அவளும் பதில் போடுகிறாள். எனக்கு "எலி அத்தை" என்று பெயர் வைத்திருக்கிறாள், தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் கடிதம் வருகிற நாளில் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தனியாக இருக்கிறவளுக்கு இப்படி ஒரு குழந்தை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால் வேண்டாம் என்றா சொல்லத் தோன்றும்?

மாசக் கடைசியில் வெளியூரில் நாலு நாள் கண் முகாம். வந்ததும் எழுதுகிறேன்.

நாத்தனார்


மார்ச் 27

நாத்தனாருக்கு,

தங்கள் உபதேசம் கிடைத்தது. அன்பாக நடந்துகொள்கிறேன்.

எலி அத்தையின் படம் எங்கள் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. கையில் கூண்டு, தலைக்குப் பின்னால் சூரியன். பக்கத்தில் நான் இல்லை, உங்கள் அண்ணனும் இல்லை, வரிசையாக ஒன்பது எலிகள் சிரித்துக்கொண்டு நிற்கின்றன. தைக்கும்போது நிமிர்ந்தால் உங்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

எலிக்கு நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூண்டும் வைக்கவில்லை, அட்டையும் வைக்கவில்லை. வெட்டுத் துணியையெல்லாம் மூடி போட்ட தகர டப்பாவுக்கு மாற்றினேன். அதில்தான் அவை கூடு கட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் என் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுருட்டித் திணித்து, மேலே சிமெண்ட் பூசினேன். கதவுக்குக் கீழே இடுக்கு தெரியாமல் ரப்பர் பட்டை அடித்தேன். பத்து நாளாகப் புழுக்கை கண்ணில் படவில்லை. வழி இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் வேறு வீட்டுக்குப் போகிறது. இதற்குப் போய் இத்தனை கூத்து.

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே அடிக்கடி "நாளாக ஆக மறந்துவிடுவாள்" என்று தைரியம் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்காக. மிஷின் இறுகிக் கிடந்தது. எண்ணெய் போடலாம் என்று புட்டியை எடுத்தேன். பொடிசு தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பென்சிலைக் கூடக் கீழே வைக்காமல் எழுந்து தெருவுக்கு ஓடினாள். செருப்பில்லை. எதிர்ப்பக்கம் ஒரு வண்டி சடாரென்று நின்றது. வண்டிக்காரர் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "என்னம்மா, புள்ளைய அடிச்சீங்களா?" என்று கேட்டார். எண்ணெய்ப் புட்டியோடு நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அண்ணன் மனைவி


ஏப்ரல் 9

அண்ணி,

இதை எழுத உட்கார்ந்து இது நாலாவது நாள். மூன்று தாள் கிழித்தாகிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை. உங்களிடம் சொல்வதற்குத்தான் எல்லோரையும் விட வெட்கமாக இருக்கிறது.

முகாமுக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே அவசரம். வண்டி வந்து கீழே ஹாரன் அடித்தது. லென்ஸ் பெட்டியைத் தூக்கினேன், குடையை எடுத்தேன், அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே பார்க்கவில்லை. அங்கே திங்கட்கிழமை சாயங்காலம் நானே கடலை வைத்து, கதவைத் தூக்கி வைத்த கூண்டு இருந்தது. நாலு நாளும் அது என் நினைவுக்கே வரவில்லை. முகாமில் மத்தியானச் சாப்பாட்டின்போது செவிலியர்களுக்கு என் ஒன்பது எலிகளின் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன், அண்ணி. அப்போது கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து பார்த்தேன். உள்ளே செத்துக் கிடந்தது. மேலே தொங்கிய கைத்துணியின் ஓரத்தைக் கம்பி வழியாக உள்ளே இழுத்திருந்தது. அதில் ஈரம் இருந்திருக்கும். அந்த மூலை முழுக்கச் சவைத்துக் கிடந்தது. மூக்கு நுனியில் தோலே இல்லை. கம்பியில் முட்டி முட்டிப் போயிருக்கிறது. எந்த நாள் நுழைந்தது, எத்தனை நாள் உயிரோடு இருந்தது, ஒன்றும் தெரியாது. செய்தித்தாளில் சுற்றிக் கட்டடத்துக்குப் பின்னால் செடிக்கடியில் புதைத்தேன். கீழ்வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து "என்ன செடி நடறீங்க?" என்றார். ரோஜா என்றேன்.

அதோடு போயிருந்தால் கூடப் பரவாயில்லை. கதவுக்கடியில் பொடிசின் கடிதம் கிடந்தது. "எலி அத்தை, இந்த வாரம் எத்தனை எலியைக் காப்பாற்றினாய்?" அன்று சாயங்காலமே பதில் போட்டேன். "ஒன்று. சமர்த்தாகப் போய்விட்டது." அப்படித்தான் எழுதினேன். பேனா ஒரு இடத்திலும் தயங்கவில்லை. உங்கள் மேல் குழந்தைக்கு இருக்கிற பயம் போக ஒரு வரி எழுதச் சொன்னீர்கள், பொய் எழுத மாட்டேன் என்று பெரிய இவள் மாதிரி பேசினேன். என் பவிசு குறையக் கூடாது என்றதும் அதே குழந்தையிடம் எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது பாருங்கள். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும் போல இருந்தது. டாக்டர் இல்லை, கட்டுப் போடுகிற உதவியாளர் ஒருவர் இருந்தார். நாய்க்குக் காதில் மருந்து போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போய்ப் பாக்க முடியாதவங்க கூண்டே வெக்கக் கூடாதும்மா. ஊருக்குப் போறப்ப கதவ இறக்கிட்டுப் போகணும். சரி, புடிச்சதையெல்லாம் எங்க விட்டீங்க?"

"ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. காலி மனையில."

அவர் கை நின்றது. "வீட்டு எலிம்மா அது. தெரியாத எடத்துல எங்க ஒளியும், என்னத்தத் தின்னும்? பாதி அன்னிக்கே போயிடும். ஓட்டைய அடைச்சிட்டு, பக்கத்துலயே செடி மறைவுல விட்டிருக்கலாம்."

ஆக, சுவரில் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒன்பதும் போயிருக்கலாம். எனக்கு முகம் செத்துவிட்டது போலிருக்கிறது. ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து அவர் தொடர்ந்தார். "நீங்களாவது கூண்டு வெச்சீங்க. இங்க பசை அட்டையில ஒட்டுனதெல்லாம் கொண்டு வருவாங்க. நேரா இழுத்தா காலு பிஞ்சிரும். சமையல் எண்ணெய ஊத்தி, மொட்டக் குச்சிய வெச்சு, ஒவ்வொரு காலா மெதுவா எடுக்கணும். பாக்கிறவங்களுக்குச் சித்திரவதை பண்ற மாதிரிதான் இருக்கும். ரொம்பப் பொறுமை வேணும்."

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி, அந்தக் கிண்ணத்தில் இருந்தது சமையல் எண்ணெயா? நீங்கள் அதை விடுவித்துக்கொண்டிருந்தீர்களா? விடுவித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால் ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை? ஊரார் கண்ணுக்கெல்லாம் எண் பார்த்துக் கண்ணாடி கொடுக்கிறவள் நான். எனக்கு மூன்றடி தூரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

என்னை எப்படித் திட்டினாலும் சரி, எழுதுங்கள்.


ஏப்ரல் 15

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு குதூகலம். நன்றாக வேண்டும் இவளுக்கு என்று தோன்றியது. மூன்றாவது தடவை படிக்கும்போது அந்தக் கைத்துணி விஷயத்தில் அழுதுவிட்டேன். இனிமேல் தாங்கள், அவர்கள் எல்லாம் வேண்டாம். எனக்கும் கை வலிக்கிறது.

சமையல் எண்ணெய்தான். அட்டை நான் வாங்கியதில்லை. ரவிக்கை லைனிங் துணியில் ஆறு மீட்டர் கடித்துப் போட்டதும் உன் அண்ணன்தான் கோபத்தில் வாங்கிவந்து வெட்டு மேசைக்குக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தம் கேட்டுப் பார்த்தேன், மாட்டியிருந்தது. "அப்படியே தூக்கிப் போடு" என்றார். எனக்கு முடியவில்லை. எண்ணெய் தொட்டால் பசை இளகும் என்று எனக்குத் தெரியும், துணியில் கோந்து பட்டால் நாங்கள் அப்படித்தான் எடுப்போம். உட்கார்ந்தேன். மூன்று கால் எடுத்துவிட்டேன். ஒரு முன்னங்காலும் வாலும்தான் பாக்கி. அப்போதுதான் நீ வந்தாய்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாய். நான் விடுவிக்கிறேன் என்று சொன்னால் வைத்தது யார் என்ற கேள்வி வரும். வைத்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் சொல்லட்டும், அவரே சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. நீ படி இறங்கிவிட்டாய்.

நீ பார்க்காததை இப்போது சொல்கிறேன். தலைமையாசிரியை கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கொலைகாரி என்று பேர் வாங்கியாயிற்று, இனி என்ன என்று ஒரு ஆங்காரம். அட்டையை அப்படியே இரண்டாக மடித்தேன், அதை உள்ளே வைத்து. குப்பை வாளியில் போட்டு மூடினேன். ஒரு கால்தான், ஐந்து நிமிஷ வேலை. செய்யவில்லை. வாளிக்குள் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது காதில் விழாமல் இருக்க மிஷினில் உட்கார்ந்து ஒரு வெறும் துணியில் நீள நீளமாகத் தையல் ஓட்டினேன்.

பொடிசு அதைப் பார்த்தாள். உன் பேச்சுக்கு மட்டும் அவள் பயப்படவில்லை. நான் மடித்ததைப் பார்த்துப் பயப்படுகிறாள். உன்மேல் பழியைப் போட்டால் எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் போட்டேன். உன்னிடம் கேட்ட அந்த ஒரு வரி கூட ஒரு விதத்தில் பொய்தான். நீ எழுதாதது நல்லதாகப் போயிற்று.

அவர் வைத்தார் என்று அவளுக்கு இதுவரை சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும்தான் இப்போது ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அதையும் பிடுங்க வேண்டாம் என்று விட்டேன். உன் கதையும் அவளுக்குத் தெரிய வேண்டாம். வீட்டில் ஒருத்தராவது அவளுக்கு நல்லவராக இருக்கட்டும். சுவரில் இருக்கிற படம் அப்படியே இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தது தப்பாகிவிட்டது. முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் கத்தாமல் இருந்திருந்தால் அந்த நாலாவது காலும் வந்திருக்கும். நீங்கள் மடித்தீர்கள், சரி. மடிக்கிற இடத்துக்கு உங்களைத் தள்ளினது யார்?

அண்ணனுக்கு அலுவலகத்தில் போன் போட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ அந்தக் கத்து கத்துற. அத்தன பேர் முன்னாடி நான்தான் வெச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றான். "சரி, அதுக்கப்புறம்? ஏழு வாரமாச்சே?" என்றேன். "அதுக்கப்புறம் நாளாயிடுச்சு" என்றான். திட்டலாம் என்று வாயெடுத்தேன். ரோஜா நட்டவளுக்கு என்ன யோக்கியதை என்று போனை வைத்துவிட்டேன்.

ஆனால் என் கதை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்னதை என்னால் கேட்க முடியாது. இந்த வாரமும் பொடிசின் கடிதம் வந்திருக்கிறது. உறைமேல் "உலகத்திலேயே நல்ல அத்தைக்கு" என்று கலர் பென்சிலில் எழுதியிருக்கிறாள். தபால்காரர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் அதைப் பிரிக்கவில்லை, பிரிக்க எனக்கு முகம் இல்லை. பக்கத்தில் உங்களை நிறுத்தி, உங்கள் மேல் ஏறி நின்றுதானே அண்ணி நான் அவளுக்கு இவ்வளவு உயரமாகத் தெரிகிறேன்?

இதோடு அவளுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. கூண்டை மறந்தது, அது எப்படிச் செத்தது, அவளிடம் பொய் சொன்னது, காலி மனையில் விட்ட மற்றவையும் பிழைத்திருக்காது என்பது, நீங்கள் அன்று எண்ணெயும் குச்சியும் வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது, எல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன். வாளி விஷயத்தை எழுதவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. அட்டை யார் வைத்தது என்பதையும் எழுதவில்லை, அது அவன் சொல்ல வேண்டியது.

கொடுத்தால் அவள் எனக்கு இனி எழுதமாட்டாள். அது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் உறையில் போட்டேன். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். கிழித்துவிட்டால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்


மே 3

அடியே,

ஒரு வாரம் கிழிக்கலாமா என்று கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உனக்காகத்தான். தனியாக இருக்கிறவள், இந்தக் குழந்தையின் கடிதம் ஒன்றுதான் உனக்கு என்று நினைத்தேன். அப்புறம் வியாழக்கிழமை பொடிசுக்குக் காய்ச்சல். மருந்தை ஊற்றி நீட்டினேன், அவள் என் கையைப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள். அப்பா வந்து கொடுத்தால்தான் என்றாள். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காய்ச்சல் விட்டதும் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தாள். அவரும் இருந்தார். மூக்கு என்று வருகிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மீதியை மனசுக்குள் படித்தாள். "அத்த பொய் சொன்னாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் படத்தைப் பிய்த்தாள். பிய்த்ததைக் கிழிக்கவில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது உன் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த அட்டைய வாங்கிட்டு வந்து வெச்சது அப்பாதான்" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆனால் சொன்னார். எட்டு வாரம் கழித்து அவருக்கு வாய் வந்தது. நான் அவரிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, அது தனிக் கணக்கு.

பொடிசு என் பக்கம் திரும்பினாள். "அப்போ நீ காப்பாத்திட்டுதான் இருந்தியா?" கண் அப்படியே விரிந்திருந்தது. ஆமாம் என்று சொல்லி அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? என் பெண் எனக்கு அந்த நிமிஷமே திரும்பி வந்திருப்பாள். "ஆமா. ஆனா எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துல அத மடிச்சு வாளியில போட்டுட்டேன். அது உயிரோடதான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் கத்தினாள் பார்! "ஏன் அப்படிப் பண்ணுன? ஒரு கால்தானே இருந்துச்சு! ஏம்மா பண்ணுன? உனக்கு அறிவே இல்லையா?" என்று ஓடிவந்து இரண்டு கையாலும் என் வயிற்றில் குத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். நான் தடுக்கவில்லை. வலித்தது, ஆனால் எனக்கு உள்ளே என்னவோ இளகிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு மாசத்தில் அவள் என்னிடம் ஒரு தடவை முகம் சுளித்ததில்லை, ஒரு தடவை எதிர்த்துப் பேசியதில்லை, சொன்னதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு செய்தாள். இப்போது பெற்றவளை நிற்கவைத்துத் திட்டுகிறாள். குத்தி ஓய்ந்து என் மடியிலேயே விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

நேற்று ராத்திரியும் திட்டினாள். இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்து மறுபடியும் திட்டினாள். அவள் அப்பாவுக்கும் தனியாக விழுகிறது.

உன்மேல்தான் ரொம்பக் கோபம். பொய் சொன்னாய் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இனி உனக்கு எழுதமாட்டாளாம், உன்னோடு பேச ஒன்றுமே இல்லையாம். "வரட்டும், மூஞ்சிக்கு நேரா கேக்குறேன்" என்று பொழுதுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வா. அவளுக்கு என்று எதுவும் வாங்கி வராதே. சமாதானம் சொல்லாதே, காரணம் சொல்லாதே. அவள் திட்டி முடிக்கிறவரை நின்று கேட்டுக்கொள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

அண்ணி